பொக்கு விதைகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் பிரசாந்தினி நூறு பைனஸ் மர விதைகளை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றையும் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பார்த்தாள். தொண்ணூற்று நான்கு விதைகளுக்குள் காற்றுத்தான் இருந்தது. கோது முழுசாக இருந்தது. இறகு இருந்தது. நிறமும் பருமனும் சரியாக இருந்தன. உள்ளே வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டிய பருப்பு மட்டும் இல்லை.

தன் கையில் பிழையோ என்று இன்னொரு பிடி விதையை ஸ்பிரிட்டில் போட்டாள். கனமுள்ள விதை அடியில் இறங்கும், பொக்கு மிதக்கும். ஏழோ எட்டோ இறங்கின. மற்றவையெல்லாம் மேலே வட்டமாக மிதந்துகொண்டிருந்தன.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. பூர்வீகம் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது பதுளை டவுனில். தகப்பன் அம்பலவாணர் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இல்லை. தாவரவியலில் பட்டம் எடுத்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. தெமோதரைக்கு மேலே, கைவிட்ட தேயிலை மலையொன்றில் நாற்பது வருடங்களுக்கு முன்பு நட்ட பைனஸ் காட்டை ஒரு கம்பனி குத்தகைக்கு எடுத்து, பட்டையைக் கீறிப் பால் வடித்துக்கொண்டிருந்தது. மரங்கள் கிழடாகிவிட்டன. புதிதாக நடுவதற்கு வெளிநாட்டிலிருந்து விதை எடுத்தார்கள். டொலர் தட்டுப்பாடு வந்து அது நின்றுபோனதும், தங்கள் மலையிலேயே விதை சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். விதையைப் பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று அவளை எடுத்தார்கள்.

மரம் ஏறுவதற்கு இரண்டு பேர். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர்கள். சிவனு ஐம்பதைத் தாண்டியவர். தியாகு முப்பத்து நான்கு வயதுக்காரன். முன்பு மின்கம்பி வேலைக்காரர்களோடு போய்க் கம்பம் ஏறிப் பழகியவன். கீழே விழுந்து கிடக்கும் பைனஸ் காயைப் பொறுக்குவதில் பிரயோசனம் இல்லை. அது ஏற்கெனவே விரிந்து விதையைக் காற்றில் விட்டிருக்கும். பச்சை மாறிப் பழுப்பு ஏறுகிற இரண்டு மூன்று வாரத்துக்குள், மூடியிருக்கும்போதே ஏறிப் பறிக்க வேண்டும்.

முதல் நாளே தியாகு கேட்டான். "ஏன் மிஸ், காயெல்லாம் உச்சியிலயே காய்க்குது? கீழ்க் கெளையில ஒண்ணு ரெண்டு காச்சா எங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம் இல்லையே."

அவள் கீழ்க் கிளைகளைக் காட்டினாள். ஆண் கூம்புகள் அங்கேதான் கொத்துக் கொத்தாக வரும். தை, மாசியில் அவை வெடித்து மஞ்சள் தூளைக் காற்றில் விடும். பெண் கூம்புகள் உச்சியில்.

"அந்தத் தூளு ஜன்னல் பூராம் அப்பிக் கெடக்கும் மிஸ். எம் பொண்டாட்டி தொடச்சுத் தொடச்சு ஏசுவா."

"அதுதான். பூவும் இல்லை, தேனீயும் வராது. காத்துத்தான் கொண்டு போகோணும். தன்ர தூள் தன்ர காயிலயே விழுந்தா விதை சரிவராது. அதால ஆணைக் கீழயும் பெண்ணை மேலயும் வச்சிருக்கு. தூள் பக்கத்து மரத்துக்குப் போறது சுகம், நேர மேல ஏறுறது கஷ்டம்."

தியாகு சிரித்தான். "அப்ப ஒரே வீட்டுக்குள்ள கட்டிக்கக் கூடாதுன்னு மரத்துக்கும் தெரியுது."

தூள் வந்து சேர்ந்த பிறகும் அது உள்ளே போய்க் கருவாவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும், காய் முற்ற இன்னும் அரை வருடத்துக்கு மேல் வேண்டும் என்றாள். இப்போது பறிப்பது போன வருடம் தையில் தூள் பிடித்த காய்.

"போன வருசமா?" என்று தியாகு யோசித்தான். "நாங்கெல்லாம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில நின்ன வருசம். இது பாட்டுக்கு மேல வளந்துகிட்டு இருந்திருக்கு பாருங்க."

அவனோடு கதைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த எதையும் அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

விதைகள் ஏன் பொக்கு என்பதும் அவளுக்கு இரண்டு நாளில் விளங்கியது. அலுவலக அலுமாரியில் இருந்த பழைய கோப்பில், அந்த மலை முழுவதும் ஒரே பொதி விதையிலிருந்து நட்டது என்றும் அந்த விதை நாலைந்து தாய் மரங்களில் எடுத்தது என்றும் எழுதியிருந்தது. எந்த மரத்துத் தூள் எந்த மரத்துக்குப் போனாலும் அது உடன்பிறந்ததின் தூள். கரு உண்டாகும், சில வாரத்தில் செத்துப்போகும். ஆனால் கோது தாய் மரத்தின் சதை. உள்ளே கரு செத்தாலும் அது தன் பாட்டில் வளர்ந்து, கறுத்து, இறுகிவிடும். வெளியே பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் எழுதி முகாமையாளர் நிருபனுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். நிருபன் கொழும்பில் இருப்பவர், மாதம் ஒரு தடவை வருவார். அடுத்த நாள் காலையிலேயே போன் எடுத்தார்.

"பிரசாந்தினி, உம்மட மெயில் பார்த்தன். நூறு விதையை வச்சு ஒரு மலையைத் தீர்மானிக்கலாமோ?"

"நாலு மூலையிலயும் எடுத்த விதை, சேர். ஸ்பிரிட்டிலயும் போட்டுப் பார்த்தன். எல்லாம் மிதக்குது."

"சரி, இருக்கட்டும். ஐப்பசியில காசு தாற வெளிநாட்டு ஆக்கள் பார்க்க வருகினம். எத்தனை சாக்குக் காய், எத்தனை பாத்தி எண்டுதான் கேப்பினம். விதையைப் பிளந்து பார்க்க மாட்டினம். முளைக்காட்டி அது நாத்து மேடைப் பிரச்சினை, பிறகு பார்ப்பம். இனி இதை எழுத்தில வைக்காதையும்."

"அப்ப ஏன் சேர் ஆக்களை மரத்தில ஏத்துவான்?"

"ஏத்தும். உமக்கு வேலை தந்தது அதுக்குத்தான்."

அவள் அதற்குப் பிறகு எழுதவில்லை. தியாகுவிடமும் சிவனுவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் ஏற மாட்டார்கள் என்பதல்ல. ஏறத்தான் செய்வார்கள், வேறு வேலை இல்லை. தெரிந்துகொண்டு ஏறுகிறவனைக் கீழே நின்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆவணியில் காற்று பலத்தது. மழையை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் காய்ந்து இறங்குகிற காற்று. வெயிலும் காற்றும் சேர்ந்ததில் காய்கள் நினைத்ததை விடச் சீக்கிரம் பழுத்தன. மலையின் மேற்குச் சரிவில் சில மரங்களில் விரியவே தொடங்கிவிட்டன. ஜீப்பில் வந்து இறங்கியதும் அவள் நிருபனுக்குப் போன் எடுத்து அதைச் சொன்னாள்.

"அப்ப ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில ரெண்டு மரத்தில ஏத்தும். இவ்வளவு நாளும் ஒராள் ஏற ஒராள் கீழ நிண்டா எப்பிடி முடியும்?"

"மரத்தில கட்டுற பெல்ட் ஒண்டுதான் இருக்கு, சேர். மற்றது இன்னும் வரேல்லை. நான் மூண்டு தரம் கேட்டிட்டன்."

"வரும். இண்டைக்கு மட்டும் பார்த்துச் சமாளியும்."

அவள் போனை வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். ரெண்டு பேரும் ஏற வேண்டும் என்று சேர் சொல்கிறார் என்றாள். தியாகு பெல்ட்டைக் கழற்றிச் சிவனுவிடம் நீட்டினான். "நீங்க போட்டுக்கங்க மாமா. ஒங்களுக்கு மூட்டு வலி."

"கவனமா ஏறுங்கோ" என்றாள் பிரசாந்தினி. அன்று அவள் சொன்னது அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. தியாகு உச்சிக்கு நாலடி கீழே ஒரு கிளையில் காலை வைத்து, வலது கையால் கொக்கித்தடியை நீட்டிக்கொண்டிருந்தான். சாக்கு இடுப்பில் பாதி நிறைந்து தொங்கியது. பைனஸ் கிளை வளையாது, முறியும். முறிந்த சத்தம் அவளுக்குத் துப்பாக்கி வெடித்ததுபோல் கேட்டது. அவன் கத்தவில்லை. அறுபது அடியிலிருந்து வரும் வழியில் இரண்டு கிளைகளில் மோதி, உதிர்ந்த ஊசியிலை மெத்தையாகக் கிடந்த இடத்தில் விழுந்தான். அந்த மெத்தைக்கு அடியில் பாறை இருந்தது.

ஜீப் சாரதி புவாத் ஓடி வந்து தூக்கினார். அவள் பின்னால் ஏறித் தியாகுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். புவாத் வளைவுகளில் ஹோர்னை அடித்தபடி ஓட்டினார். தெமோதரைப் பாலத்தைத் தாண்டும்போது தியாகுவின் மூச்சு இழுத்தது, பிறகு நின்றது. அவள் புவாத்திடம் சொல்லவில்லை. பதுளை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்த மனிதர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்.

சவம் எடுத்து நாலாம் நாள் நிருபன் வந்தார். செத்த வீட்டுக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்தார். பிறகு அலுவலகத்துக்கு வந்து ஒரு தாளை மேசையில் வைத்தார். ஏறுகிற இருவருக்கும் பெல்ட் வழங்கப்பட்டிருந்தது, தியாகராஜா என்பவர் அதை அணியாமல் ஏறினார் என்று தட்டச்சில் இருந்தது. கீழே அவள் பெயரும் பதவியும் புள்ளிக் கோடும்.

"இது உண்மை இல்லை, சேர்."

"தெரியும். அண்டைக்கு அவரை ஏத்தினது ஆர்? கீழ நிண்டு ஏறச் சொன்னது நீர். இது இல்லாட்டி முதலில உம்மைத்தான் கேப்பினம்."

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்பலவாணர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நீ போடாட்டி அந்தப் பெடியன் திரும்பி வருவானோ?" என்று கேட்டார். "வேலை போகும். வழக்கும் வரும். ஒரு பொம்பிளைப் பிள்ளை பொலிசுக்கும் கோட்டுக்கும் அலைஞ்சா நாளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவான்? கையெழுத்துப் போடு பிள்ளை."

போட்டாள். தன்னைக் காப்பாற்றத்தான் போட்டாள். தகப்பன் சொன்னார் என்பது அவளுக்கு வாய்ப்பாக இருந்தது.

சிவனுவும் தாளில் இருந்ததையே சொன்னார். அவரைக் காட்டுக்குக் காவல்காரராக்கினார்கள். இனி மரம் ஏற வேண்டியதில்லை.

தியாகுவின் மனைவி புஷ்பகலாவுக்கு நாற்று மேடையில் வேலை கொடுத்தார்கள். அது நிருபனின் யோசனை. கம்பனி குடும்பத்தைக் கைவிடவில்லை என்று வருகிறவர்களிடம் சொல்லலாம். புஷ்பகலா மெலிந்த, அதிகம் பேசாத பெண். ஒன்பது வயதில் ஒரு மகள். புருஷன் செத்து இருபது நாளில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வந்தாள்.

பறித்த காய்களைச் சாக்கு விரித்து வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். காய்கள் பட் பட்டென்று விரிந்து விதையை உதிர்த்தன. அவற்றைத் தட்டிச் சலித்துப் பன்னிரண்டு பாத்திகளில் விதைத்தார்கள். புஷ்பகலாதான் விதைத்தாள். தியாகு கடைசியாகப் பறித்த அரைச் சாக்கும் அதற்குள் இருந்தது. எது அது என்று அவள் கேட்டாள். தனியாக வைக்கவில்லை என்று பிரசாந்தினி சொன்னாள்.

குழாயில் தண்ணீர் வருவது குறைவு. காலையும் மாலையும் ஓடையில் இறங்கி, பூவாளியில் நிறைத்துச் சரிவில் ஏறி வந்து ஊற்றினாள் புஷ்பகலா. எலி வராமல் கம்பி வலை போட்டாள். வெயில் சுடாமல் காட்டுப் பன்ன இலையை வெட்டிப் பந்தலாகப் போட்டாள்.

"எத்தன நாள்ல மொளைக்கும் மிஸ்?"

"ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும்."

மூன்றாவது கிழமையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தன. பைனஸ் நாற்று வரும்போது கோதைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வரும். பிறகு அது கழன்று விழ, ஊசி இலைகள் குடை மாதிரி விரியும். முதல் நாற்றைக் கண்ட அன்று புஷ்பகலா அலுவலகக் கதவுக்கு வந்து நின்றாள். அந்த முகத்தில் ஒரு மாதத்துக்கு மேலாக இல்லாத ஒன்று இருந்தது.

"வந்திருச்சு மிஸ். வந்து பாருங்க."

பிரசாந்தினி போய்ப் பார்த்தாள். நல்லது என்றாள்.

பாத்திக்கு நாற்பது ஐம்பது முளைத்ததோடு நின்றுவிட்டது. ஆயிரம் இருந்திருக்க வேண்டிய இடம். புஷ்பகலா ஊற்றுவதை நிறுத்தவில்லை. நாலாவது கிழமை, ஐந்தாவது கிழமை, மண்ணை விரலால் கிளறி ஒரு விதையை எடுத்துப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, அழுகவில்லை, இன்னும் முளைக்கும் என்று மறுபடி புதைத்தாள். சில நாட்களில் மூன்று நேரம் ஊற்றினாள். அலுவலக ஜன்னலிலிருந்து பாத்திகள் தெரியும். பிரசாந்தினி மேசையை மற்றச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசியில் வெளிநாட்டார் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். சாக்குகளைப் படம் எடுத்தார்கள். நிருபன் சொன்னதற்கு மாறாக, அந்தப் பெண் பாத்திகளுக்குப் போய்க் குந்தியிருந்து பார்த்தாள். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டாள். நிருபன் ஆங்கிலத்தில், பராமரிப்பில் சின்னப் பிழை, தண்ணீர் ஒழுங்காக ஊற்றவில்லை, ஆளை மாற்றுகிறோம் என்றார். புஷ்பகலா பூவாளியோடு ஆறடி தள்ளி நின்றாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தன்னைக் காட்டுகிற கையை அவள் கண்டாள். பிரசாந்தினிக்கு ஆங்கிலம் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த திங்கள் புஷ்பகலாவை நிறுத்தினார்கள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொன்னது புவாத்.

"அந்தப் புள்ள தண்ணி ஊத்தலயாம்" என்று புவாத் பிரசாந்தினியிடம் வந்து சொன்னார். "நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான் மிஸ். அல்லாவுக்குப் பொதுவா சொல்றன், பாத்தி காஞ்சு கெடந்த ஒரு நாள் இல்ல." பதிலுக்காக நின்றார். கிடைக்காததும் ஜீப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளோடு தேவைக்கு மேல் அவர் கதைக்கவில்லை.

அந்தக் கிழமை முடிவில் பிரசாந்தினி லயத்துக்குப் போனாள். பையில் ஒரு போத்தல் விதையும் ஒரு பிளேடும் இருந்தன. எதற்காகக் கொண்டுபோனாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். புஷ்பகலா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து, பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க தண்ணி ஊத்தினது பிழை இல்லை" என்றாள் பிரசாந்தினி. "விதைதான் பிழை. உள்ள ஒண்டும் இல்லை. எவ்வளவு ஊத்தினாலும் முளைச்சிருக்காது."

புஷ்பகலா அவளையே பார்த்தாள். "எப்ப தெரியும்?"

"தொடக்கத்திலயே."

"தொடக்கம்னா? நான் வேலைக்கு வந்த பொறகா?"

"இல்லை." பிரசாந்தினி பையிலிருந்து போத்தலையும் பிளேடையும் எடுத்து வைத்தாள். "அவர் விழ முந்தியே."

கீரைத் தட்டு புஷ்பகலாவின் மடியில் அப்படியே இருந்தது. "வெட்டிக் காட்டுங்க" என்றாள்.

பிரசாந்தினி ஒரு பலகைத் துண்டில் வைத்துப் பிளந்தாள். பொக்கு. இன்னொன்று. பொக்கு. புஷ்பகலா பிளேடை வாங்கிக்கொண்டாள். கீரை ஆய்கிற கை, நிதானமாக வெட்டியது. ஒவ்வொன்றையும் பிளந்து, இரண்டு பாதியையும் விரித்துப் பார்த்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். வெயில் லயத்துக் கூரையைத் தாண்டி இறங்கும் வரைக்கும் வெட்டினாள். கடைசியில் ஒன்றுக்குள் வெள்ளையாகப் பருப்பு இருந்தது. அதற்கு நடுவில் நூல் மாதிரிக் கரு.

"இதுவா?" என்று கேட்டாள்.

"ஓம். இதுதான் உயிருள்ளது."

"இதுக்காகவா ஏத்துனீங்க?"

பிரசாந்தினி பெல்ட்டைப் பற்றியும் சொன்னாள். தாளில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். புஷ்பகலா தட்டை எடுத்து, வெட்டிய விதைகளைக் கீரைக் குப்பையோடு சேர்த்து வாசலுக்கு வெளியே கொட்டினாள்.

"இத நீங்க நட்டஈட்டு வெசாரணையில சொல்லுவீங்களா?"

"சொல்லுறன்."

விசாரணை கார்த்திகையில் பதுளையில் நடந்தது. அதிகாரி பொறுமையான மனிதர், தமிழ் தெரிந்தவர். பிரசாந்தினி தன் மின்னஞ்சலின் பிரதியைக் கொடுத்தாள். விதைகள் பொக்கு என்று தெரிந்தும் ஏற்றியதைச் சொன்னாள். அவர் முழுவதையும் வாசித்தார்.

"இது கம்பனிக்கு வெட்கமான விசயம்தான்" என்றார். "ஆனா விதை நல்லதோ கெட்டதோ, அது விபத்துக்குக் காரணம் இல்லையே. நல்ல விதையா இருந்தாலும் கிளை முறிஞ்சிருக்கும். எனக்குத் தேவை பெல்ட். பெல்ட் குடுத்ததா இல்லையா?"

"ஒண்டுதான் இருந்தது. அவருக்குக் குடுக்கேல்லை."

அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம். அது பொய். சொல்லித் தந்து போட்டது."

"அதுக்குப் பிறகு மூணு மாசம் அதே கம்பனியில சம்பளம் எடுத்திருக்கிறீங்க. போன கிழமைதான் உங்கள நிப்பாட்டியிருக்கிறாங்க. இப்ப வந்து மாத்திச் சொல்றீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் உங்கள நம்பலாம். ஆனா நாளைக்கு அவங்கட லோயர் எழும்பிக் கேப்பார், எந்தத் தரம் பொய் சொன்னீங்க எண்டு. என்ன சொல்லப்போறீங்க?"

அவளுடைய மின்னஞ்சலில் பெல்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று தரம் கேட்டதும் போனில்தான். அடுத்து சிவனுவைக் கூப்பிட்டார்கள். பெல்ட் ரெண்டு இருந்துச்சுங்க என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். பின்வரிசை வாங்கில் இருந்த புஷ்பகலா அவரைப் பார்க்கவில்லை. பிரசாந்தினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையில் முடிவு வந்தது. இறந்தவரின் கவனக்குறைவும் காரணம் என்று எழுதியிருந்தது. சட்டப்படி குறைந்த நட்டஈடு எதுவோ அது புஷ்பகலாவுக்குக் கிடைத்தது. வெளிநாட்டார் பணத்தை நிறுத்தவில்லை. விதை இறக்குமதிக்கு அனுமதியும் கிடைத்துவிட்டதாகக் கதை வந்தது. பன்னிரண்டு பாத்திகளையும் கொத்திப் புரட்டிவிட்டார்கள். நாற்பது ஐம்பதாக முளைத்திருந்தவை அதோடு போயின.

பிரசாந்தினிக்கு மறுபடி வீடு. அம்பலவாணர் ஒன்றும் கேட்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஒரு நாள் மட்டும், "நான் அப்ப சொன்னது உன்ர நன்மைக்குத்தான்" என்றார். "தெரியும் அப்பா" என்றாள் அவள்.

மாசியில் ஒரு காலை, மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போனவள் பஸ் ஸ்டாண்டில் புஷ்பகலாவைக் கண்டாள். இரண்டு பெரிய பைகள், கயிற்றால் கட்டிய ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் மகள். மொனராகலை பஸ்ஸுக்கு நின்றார்கள். பார்க்காததுபோல் போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம்தான் போனது.

"எங்க போறீங்கள்?"

"அக்கா வீட்டுக்கு. கரும்புத் தோட்டத்துல வேலை இருக்காம்." புஷ்பகலா சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள். "லயத்துல இருக்க முடியல மிஸ். சிவனு மாமா எதிர் வீடு. காலையில எந்திரிச்சா அவரு மூஞ்சி. அவரும் பாவம், என்னைக் கண்டா உள்ள போயிருறாரு."

பிரசாந்தினி மகளைப் பார்த்தாள். தியாகுவின் நெற்றி. "நான் அண்டைக்கு அந்தத் தாளில..." என்று தொடங்கினாள்.

"அதுக்கு எனக்குக் கோவம் இல்ல மிஸ்" என்றாள் புஷ்பகலா. "பொய் எல்லாரும்தான் சொன்னாங்க. பயம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா ஆறு கெழம. காலையும் சாயங்காலமும் நான் அந்த ஓடையில எறங்கி ஏறுனேன். ஒவ்வொரு நாளும் நீங்க உள்ள இருந்தீங்க. ஒரு நாள் வெளிய வந்து, புஷ்பகலா, ஊத்தாதன்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு யாரு ஒங்கள என்ன செஞ்சிருப்பாங்க?"

பஸ் வந்தது. நடத்துனர் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டார். பிரசாந்தினி ஒரு பையைத் தூக்கிக் கொடுக்கக் கையை நீட்டினாள். புஷ்பகலா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். நான் தூக்கிருவேன்."

மகளை முன்னால் ஏற்றி, பைகளோடு தானும் ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தது. அவள் உள்பக்க ஆசனத்தில் உட்கார்ந்து, மகளை மடியோடு அணைத்துக்கொண்டாள். பஸ் நிறையும் வரை கால் மணித்தியாலம் நின்றது. பிரசாந்தினியும் அங்கேயே நின்றாள். புஷ்பகலா ஒரு தரமும் வெளியே பார்க்கவில்லை. பஸ் போனதும் பிரசாந்தினி மருந்துக் கடைக்குப் போய், தகப்பனின் பிறஷர் குளிசையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.